ஐந்து எண்களில் ஒரு ரெஜிஸ்டர்: ஆர்ம்64 கெர்னலுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

லினக்ஸ் கெர்னலின் ஆர்ம்64 பகுதியை, அதாவது 64-பிட் ஆர்ம் சில்லுகளுக்கான கோடை, புதிதாகத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சி மொழி கைவந்திருக்கும், பாயின்டரும் பயமுறுத்தாது. ஆனால் ஏதோ ஒரு ஹெடர் ஃபைலில் ‘சிஸ்_ரெக்(3, 3, 14, 0, 2)’ என்று ஐந்து எண்கள் வரிசையாக நிற்கும். எங்கிருந்து வந்த எண்கள், யார் தீர்மானித்தது, ஏன் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்று ஒன்றும் விளங்காது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஏ.எல். ஐசிடி முடித்துவிட்டு இந்தத் துறையை எட்டிப் பார்க்கும் தம்பி தங்கச்சிமாருக்காகவே இதை எழுதுகிறேன். பாடசாலையில் படித்த துவித எண்ணும் பதினறும எண்ணும் மறக்காமல் இருந்தால் போதும்.

கட்டளைகளையும் ரெஜிஸ்டர் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். பதினறும எண்ணுக்குள் வரும் எழுத்துகளும் அப்படித்தான்: பி என்றால் 11, டி என்றால் 13, ஈ என்றால் 14, எஃப் என்றால் 15.

கையில் என்ன வேண்டும்

லெப்டொப் இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்கள் அன்ட்ரொயிட் போன் 64-பிட் ஆர்ம் சில்லில் ஓடுகிறதென்றால் அதுவே பரிசோதனைக் கூடம். போனிலேயே லினக்ஸ் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, அதற்குள் கிளாங் (சி கம்பைலர்), பின்யூட்டில்ஸ் (பில்ட் செய்ததைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள்) என்ற இரண்டு பெக்கேஜ்களை நிறுவுங்கள். ராஸ்பெரி பை 3, 4, 5 ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் 64-பிட் ஓஎஸ் போட்டிருக்க வேண்டும்.

கெர்னல் மூலக்கோடு முழுவதையும் கிட் வரலாற்றோடு இறக்கத் தொடங்காதீர்கள். அது பல ஜிபி வரும். ரீலோட் போட்ட காசு மதியத்துக்குள் கரைந்துவிடும். ஆழம் 1 என்று சொல்லி குளோன் செய்யலாம், அல்லது ஒரு பதிப்பின் டார்பாலை இரவு டேட்டாவில் இறக்கலாம். உண்மையில் இந்தக் கட்டுரைக்கு நான்கைந்து ஃபைல்கள் போதும். ஆர்ச், ஆர்ம்64, இன்க்ளூட், ஏஎஸ்எம் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் சிஸ்ரெக்.ஹெச் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

படி 1: பெயரை விடுங்கள், எண்களைப் பாருங்கள்

ஆர்ம்64 புரொசெசரில் எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரையான பொதுப் ரெஜிஸ்டர்களைத் தவிர, புரொசெசரையே கட்டுப்படுத்தும் நூற்றுக்கணக்கான சிஸ்டம் ரெஜிஸ்டர்கள் உண்டு. நினைவக விலாசங்களை மொழிபெயர்க்கும் எம்எம்யூவை இயக்கும் பிட் எஸ்சிடிஎல்ஆர்_ஈஎல்1 ரெஜிஸ்டரில் இருக்கிறது. சில்லின் அடையாளம் எம்ஐடிஆர்_ஈஎல்1இல். டைமரின் ஓடும் எண்ணிக்கை சிஎன்டிவிசிடி_ஈஎல்0இல். இந்தப் பெயர்கள் எல்லாம் மனிதர்களுக்காக வைத்தவை. சில்லுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் ‘செல்வராணி’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த டிவிசன், எத்தனையாம் லயம், எத்தனையாம் காம்பரா என்று சொன்னால்தான் சரியான கதவைத் தட்ட முடியும். சில்லும் கேட்பது அந்த மாதிரி விலாசத்தைத்தான். அதில் ஐந்து பகுதிகள்:

ஓபி0: 2 பிட். சிஸ்டம் ரெஜிஸ்டர் என்றால் 2 அல்லது 3 மட்டுமே வரும். டிபக் சம்பந்தப்பட்டவை 2, மற்றவை 3.
ஓபி1: 3 பிட்.
சிஆர்என்: 4 பிட்.
சிஆர்எம்: 4 பிட்.
ஓபி2: 3 பிட்.

மொத்தம் 16 பிட். சிஆர்என், சிஆர்எம் என்ற விநோதமான பெயர்கள் பழைய 32-பிட் ஆர்மின் கோப்ரொசெசர் காலத்தின் மிச்சம். இன்றைக்கு அவை வெறும் புலங்கள். பெயரில் அர்த்தம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஓபி1இல் மட்டும் ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் பழகிக்கொண்டால் பாதி வேலை சுலபம். அது எந்தச் சலுகை மட்டத்துக்கான ரெஜிஸ்டர் என்பதைக் காட்டும். 0 என்றால் பெரும்பாலும் ஈஎல்1, அதாவது கெர்னல் மட்டம். 3 என்றால் ஈஎல்0, சாதாரணச் செயலிகளும் தொடக்கூடியது. 4 என்றால் ஈஎல்2, ஒரே சில்லில் பல ஓஎஸ்களை ஓட்டும் ஹைப்பர்வைசர். 6 என்றால் ஈஎல்3. எஸ்சிடிஎல்ஆர் குடும்பத்தைப் பாருங்கள்: ஈஎல்1 வடிவம் (3, 0, 1, 0, 0), ஈஎல்2 வடிவம் (3, 4, 1, 0, 0), ஈஎல்3 வடிவம் (3, 6, 1, 0, 0). இரண்டாவது எண் மட்டும்தான் மாறுகிறது.

சிஆர்என் 11 அல்லது 15 என்று, ஓபி0 3ஆக வந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அது சில்லு வடிவமைப்பவர் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தும் பகுதி. கோர்டெக்ஸ்-ஏ72இன் சிபியூஏசிடிஎல்ஆர்_ஈஎல்1 ரெஜிஸ்டர் (3, 1, 15, 2, 0) அங்கேதான் குடியிருக்கிறது. வேறு சில்லில் அதே எண்ணில் வேறு ஏதாவது இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

படி 2: கையால் பொதி கட்டுங்கள்

பொதி கட்டுவது என்றால் அந்த ஐந்து எண்களையும் ஒரே எண்ணாகச் சேர்ப்பது. இதைத் தாளும் பேனாவும் வைத்துத்தான் செய்ய வேண்டும். கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு ‘விளங்கிவிட்டது’ என்று நகர்கிறவர்கள் படி 5இல் மாட்டிக்கொள்வார்கள்.

ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை எம்ஆர்எஸ், எழுதும் கட்டளை எம்எஸ்ஆர். ஆர்ம்64இல் ஒவ்வொரு கட்டளையும் 32 பிட். எம்ஆர்எஸ் கட்டளையை இடமிருந்து வலமாகப் பிரித்தால் இப்படி வரும்:

முதல் 10 பிட்: 1101010100, மாறாதது.
அடுத்த 1 பிட்: படிப்பதானால் 1, எழுதுவதானால் 0.
பிறகு ஓபி0, ஓபி1, சிஆர்என், சிஆர்எம், ஓபி2, அதே வரிசையில் 16 பிட்.
கடைசி 5 பிட்: எந்தப் பொதுப் ரெஜிஸ்டர் என்பது. அதை ஆர்டி என்பார்கள்.

சிஎன்டிவிசிடி_ஈஎல்0இன் எண்கள் (3, 3, 14, 0, 2). துவிதத்தில்: 11, 011, 1110, 0000, 010. எக்ஸ்0க்குப் படிக்க வேண்டுமென்றால் கடைசியில் 00000. எல்லாவற்றையும் ஒட்டி நான்கு நான்காகப் பிரியுங்கள்:

1101 0101 0011 1011 1110 0000 0100 0000

பதினறுமத்தில் டி53பிஈ040. இதுதான் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் உண்மையான கட்டளை.

இப்போது சிஸ்ரெக்.ஹெச்சைத் திறந்து ஷிஃப்ட் எண்களைப் பாருங்கள். ஓபி0க்கு 19, ஓபி1க்கு 16, சிஆர்என்னுக்கு 12, சிஆர்எம்முக்கு 8, ஓபி2க்கு 5. சிஸ்_ரெக் மேக்ரோ செய்வது இவ்வளவுதான்: ஒவ்வோர் எண்ணையும் அந்தந்த அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தி ஓஆர் செய்கிறது. நம் உதாரணத்தில் 3 × 524288, 3 × 65536, 14 × 4096, 2 × 32, கூட்டினால் 1826880.

ஏன் 5இல் தொடங்குகிறது, 0இல் தொடங்கினால் என்ன? 16 பிட்டுக்குள் அழகாக அடங்கியிருக்குமே? கோட்டகலையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். பதில் மேலே தாளில் இருக்கிறது. அந்த 16 பிட்டுகள் கட்டளைக்குள் 5ஆம் பிட்டிலிருந்து 20ஆம் பிட் வரை உட்காருகின்றன. கெர்னல் அந்த எண்ணை அதே இடத்தில் வைத்தே சேமித்தால், டி5200000 என்ற அடிப்படை எண்ணோடு ஒரே ஓஆரில் முழு எம்ஆர்எஸ் கட்டளை தயார். எழுதுவதற்கு டி5000000. மறுபடி நகர்த்தத் தேவையில்லை.

சுலபமான ஒன்றை நீங்களே செய்யுங்கள்: எம்எஸ்ஆர் எஸ்சிடிஎல்ஆர்_ஈஎல்1, எக்ஸ்0. சிஸ்_ரெக் மதிப்பு பதினறுமத்தில் 181000 வரும், முழுக் கட்டளை டி5181000.

படி 3: போனில் சரிபாருங்கள்

தாளில் வந்த விடையை நம்ப வேண்டாம், சில்லிடமே கேளுங்கள். ஒரு சிறிய சி ஃபைலில், இன்லைன் அசெம்பிளியாக எம்ஆர்எஸ் கட்டளையைப் போட்டு சிஎன்டிஎஃப்ஆர்க்யூ_ஈஎல்0ஐப் படியுங்கள். டைமரின் வேகத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் அது. எண்கள் (3, 3, 14, 0, 0). ராஸ்பெரி பை 4இல் 54000000 வரும், அதாவது வினாடிக்கு 5.4 கோடித் துடிப்பு. குவால்கொம் சில்லு உள்ள போன்களில் பெரும்பாலும் 19200000.

பிறகு அதே வரியில் பெயரை அழித்துவிட்டு எஸ்3_3_சி14_சி0_0 என்று எழுதுங்கள். அசெம்ப்ளர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும், விடையும் மாறாது. பெயர் வைக்காத ரெஜிஸ்டர்களுக்கென்றே ஆர்ம் நிறுவனம் கொடுத்த பொது வடிவம் அது. இரண்டையும், கட்டளைகளின் பிட்டுகளைக் காட்டும் ஒப்ஜ்டம்ப்பில் போட்டுப் பாருங்கள். ஆர்டி ஒன்றாக இருந்தால் 32 பிட்டும் ஒன்றாகவே இருக்கும்.

இந்தத் தைரியத்தில் எஸ்சிடிஎல்ஆர்_ஈஎல்1ஐப் படிக்கப் போனால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று செயலி செத்துவிழும். போன் கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம். ஈஎல்0இலிருந்து ஈஎல்1 சொத்தைத் தொட முடியாது என்பதுதான் செய்தி.

ஆனால் எம்ஐடிஆர்_ஈஎல்1ஐப் படித்தால் விடை கிடைக்கும்! அதுவும் ஈஎல்1தானே? இங்கே கெர்னல் நமக்காகப் பொய்க்கால் கட்டுகிறது. 4.11 பதிப்பிலிருந்து லினக்ஸ் அடையாள ரெஜிஸ்டர்கள் சிலவற்றை, அதாவது ஓபி0 3, ஓபி1 0, சிஆர்என் 0 என்று வரும் கூட்டத்தில் சிஆர்எம் 0, 4 முதல் 7 வரை உள்ளவற்றை, பயனர் படிக்க முயன்றால் பிடித்துத் தானே ஒரு விடையைக் கொடுத்துவிடுகிறது. பழைய சில்லுகளில் அந்தப் பிடியில் வெறும் ‘தெரியாத கட்டளை’ என்றுதான் தகவல் வரும். அதனால் கெர்னல் கட்டளையின் 32 பிட்டையும் நினைவகத்திலிருந்து எடுத்து, நடுவிலுள்ள 16 பிட்டை உருவி, 5 இடம் நகர்த்தி, அது எந்த சிஸ்_ரெக் என்று பார்க்கிறது. நீங்கள் தாளில் செய்ததைத்தான் தலைகீழாகச் செய்கிறது.

பை 4இல் எம்ஐடிஆர் மதிப்பு 410எஃப்டி083. முதலிலுள்ள 41, தசமத்தில் 65, அதாவது ‘ஏ’ என்ற எழுத்தின் ஆஸ்கி எண், வடிவமைத்தவர் ஆர்ம். டி08 என்பது கோர்டெக்ஸ்-ஏ72. கடைசி 3 திருத்த எண்.

படி 4: கெர்னல் ஏன் பெயரை நம்புவதில்லை

கெர்னலில் ஒரே வேலைக்கு இரண்டு மேக்ரோக்களைக் காண்பீர்கள். ரீட்_சிஸ்ரெக் என்பது பெயரை அப்படியே அசெம்ப்ளரிடம் கொடுத்துவிடும். ரீட்_சிஸ்ரெக்_எஸ் என்பது சிஸ்_ என்று தொடங்கும் எண் வடிவத்தை வாங்கி, 32 பிட் கட்டளையைத் தானே கட்டி, எண்ணையே கட்டளையாக வைக்கச் சொல்லும் .இன்ஸ்ட் வழியாக உள்ளே வைக்கும்.

காரணம் நடைமுறை சார்ந்தது. ஆர்ம் நிறுவனம் வருடாவருடம் புதிய ரெஜிஸ்டர்களைச் சேர்க்கிறது. கெர்னலோ பல வருடம் பழைய அசெம்ப்ளரிலும் பில்ட் ஆக வேண்டும். அந்த அசெம்ப்ளருக்குப் புதிய பெயர் தெரியாது, எண் என்றால் பிரச்சினையே இல்லை. ஜிஐசிவி3 இன்டரப்ட் கட்டுப்படுத்தியின் ஐசிசி_ஐஏஆர்1_ஈஎல்1 ரெஜிஸ்டரை, (3, 0, 12, 12, 0), கெர்னல் இந்த எண் வழியில்தான் படிக்கிறது.

இதற்குள் ஒரு சின்னக் கைவேலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பொதுப் ரெஜிஸ்டரைப் பயன்படுத்துவது என்பதை கம்பைலர்தான் தேர்ந்தெடுக்கும். இன்லைன் அசெம்பிளிக்குள் அது ‘எக்ஸ்5’ என்ற எழுத்தாக வந்து விழும். நமக்கு வேண்டியதோ 5 என்ற எண், கடைசி 5 பிட்டில் வைப்பதற்கு. கெர்னல் என்ன செய்கிறதென்றால், .எல்__ஜிபிஆர்_நம்_எக்ஸ்5 என்று ஒரு அசெம்ப்ளர் குறியீட்டை முன்கூட்டியே 5 என்று அறிவித்துவைக்கிறது, இப்படியே 0 முதல் 30 வரை, எக்ஸ்இஸட்ஆருக்கு 31. பிறகு முன்னொட்டோடு கம்பைலர் கொடுத்த எழுத்தை ஒட்டினால் எண் தானாக வந்துவிடுகிறது. ஜிபிஆர்-நம்.ஹெச் ஃபைலில் பாருங்கள், அரைப் பக்கம்தான்.

ஆரம்பத்தில் இந்த வரையறைகளை எல்லாம் சிஸ்ரெக்.ஹெச்சில் கையால்தான் எழுதினார்கள். ஒரு பிட் மாறி எழுதிவிட்டால் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும். 2022 ஜூலையில் வந்த 5.19 பதிப்பிலிருந்து ஆர்ச், ஆர்ம்64, டூல்ஸ் ஃபோல்டரில் சிஸ்ரெக் என்ற வெறும் எழுத்து ஃபைல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ரெஜிஸ்டர் இப்படித் தொடங்கும்: சிஸ்ரெக், பெயர், ஐந்து எண்கள். அடுத்த வரிகளில் 63ஆம் பிட்டிலிருந்து 0 வரை, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு புலமும். பயன்படாத பிட்டையும் ரெஸ்0 அல்லது ரெஸ்1 என்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிட் விடுபட்டாலும் ஏடபிள்யூகே ஸ்கிரிப்ட் பில்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்_ வடிவம், ரெக்_ வடிவம், ஒவ்வொரு புலத்துக்கும் மாஸ்க், ஷிஃப்ட், அகலம் எல்லாவற்றையும் சிஸ்ரெக்-டெஃப்ஸ்.ஹெச் என்ற ஃபைலாகக் கொட்டிவிடும். இந்த ஃபைல் பில்ட் செய்த பிறகுதான் தோன்றும். மூலக்கோட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. புதிதாக வருகிறவர்கள் பாதி நாளைத் தொலைக்கும் இடம் இது.

கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஃபைல் நல்ல வாசல். ஆர்மின் டிடிஐ 0487 கையேட்டில் ஒரு ரெஜிஸ்டரைத் தேடியெடுத்து, எண்களும் புலங்களும் ஒத்துப்போகின்றனவா என்று வரிவரியாகப் பார்ப்பதே உருப்படியான வேலை. கையேடு பத்தாயிரம் பக்கம் தாண்டும். தேடல் பெட்டியில் ரெஜிஸ்டர் பெயரைப் போட்டால் போதும்.

படி 5: அதே எண்கள், வேறு வரிசை

இதுவரை ஐந்து எண்களுக்கு ஒரே ஒரு பொதிதான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. குறைந்தது மூன்று இருக்கின்றன. எந்த எண் எந்தப் பொதியில் இருக்கிறது என்று கேட்காமல் ஒப்பிட்டால் கதை கந்தல்.

இரண்டாவது பொதி, ட்ராப் நடக்கும்போது, அதாவது ஒரு கட்டளையை ஓடவிடாமல் புரொசெசர் பிடித்து மேல் மட்டத்திடம் ஒப்படைக்கும்போது, வருவது. கேவிஎம் என்பது லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசர், அதற்குள் ஓடும் இன்னோர் ஓஎஸ்தான் விருந்தினர். விருந்தினர் ஓஎஸ் ஒரு சிஸ்டம் ரெஜிஸ்டரைத் தொடும்போது கேவிஎம் பிடித்தால், புரொசெசர் ஈஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் காரணத்தை எழுதிவைக்கும். காரண வகை பதினறுமத்தில் 18. கூடவே வரும் விவரத்தில் வரிசை இப்படி: ஓபி0, ஓபி2, ஓபி1, சிஆர்என், ஆர்டி, சிஆர்எம், கடைசி பிட்டில் படிப்பா எழுத்தா என்பது. ஓபி2 முன்னால் ஏறிக்கொண்டது, ஆர்டி நடுவில் புகுந்துவிட்டது. 32-பிட் ஆர்மில் எம்ஆர்சி, எம்சிஆர் கட்டளைகள் பிடிபடும்போது வரும் அமைப்பும் இதே வரிசைதான். நம்முடைய சிஎன்டிவிசிடியை எக்ஸ்0க்குப் படித்தது பிடிபட்டால் கீழ் 22 பிட் இப்படி இருக்கும்:

11 010 011 1110 00000 0000 1

படி 2இல் எழுதியதற்குப் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள். கெர்னலில் ஈஎஸ்ஆர்_சிஸ்64_டு_சிஸ்ரெக் என்ற மேக்ரோ இதைப் பிரித்து மறுபடி சிஸ்_ரெக் வடிவத்தில் கட்டுகிறது. பிடிபட்ட மதிப்பை நேரே சிஸ்_ பெயரோடு ஒப்பிடும் மூலக்கோட்டைக் கண்டால், அது பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மூன்றாவது பொதி, கேவிஎம் பயனர் செயலிகளோடு பேசும்போது பயன்படுவது. மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஎமு போன்றவை விருந்தினரின் ரெஜிஸ்டரைக் கேட்கும்போது இந்த எண்ணைத்தான் தருகின்றன. வரிசை பழையபடிதான், ஆனால் 0ஆம் பிட்டிலிருந்தே தொடங்கும்: ஷிஃப்ட் 14, 11, 7, 3, 0. (3, 3, 14, 0, 2) இங்கே 57090, பதினறுமத்தில் டிஎஃப்02.

இந்த டிஎஃப்02ஐக் கேவிஎம் கையேட்டில் தேடினால் டைமர் எண்ணிக்கையைக் காண மாட்டீர்கள். அங்கே அது டைமர் சிவிஏஎல், அதாவது ஒப்பிடும் மதிப்பு என்று இருக்கும். சிஎன்டிவி_சிவிஏஎல்_ஈஎல்0இன் உண்மையான எண்கள் (3, 3, 14, 3, 2). கேவிஎம் இடைமுகத்தை வரையறுத்தபோது இந்த இரண்டையும் தவறுதலாக மாற்றிப்போட்டுவிட்டார்கள். கவனிப்பதற்குள் பயனர் செயலிகள் அதை நம்பத் தொடங்கிவிட்டன. பயனர் இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் கறாரான சட்டம். அதனால் எண்கள் மாறியது மாறியதுதான், இனித் திருத்த முடியாது என்று கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு ரெஜிஸ்டரை மட்டும் கெர்னல் கோடு தனியே கவனித்துக் கையாளுகிறது.

மூலக்கோட்டைப் படிக்கும்போது கேவிஎம் ஃபோல்டரிலுள்ள சிஸ்_ரெக்ஸ்.சி ஃபைலில் சிஸ்_ரெக்_டெஸ்க்ஸ் என்ற நீண்ட பட்டியலைத் தொடப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: வரிசைகள் ஐந்து எண்களின் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். தேடல் அதை நம்பித்தான் நடக்கிறது. புதிய வரியைப் பெயரின் அகர வரிசையிலோ, ஒரே மாதிரி வேலை செய்யும் ரெஜிஸ்டருக்குப் பக்கத்திலோ சொருகினால், பில்டில் சத்தமே இருக்காது. கேவிஎம் தொடங்கும்போது பட்டியலைச் சரிபார்க்கும் இடத்தில்தான், இந்த வரி ஒழுங்கில் இல்லை என்று பிழைச் செய்தி வரும், கேவிஎம்மும் எழும்பாது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் அந்த வரியைப் பாருங்கள், எத்தனையாம் இடம் என்பதையும் சேர்த்தே சொல்லும்.